அலமாரித் தாளுக்கு அடியில் ஒரு கேப்டன்

நான் திருடியது ஒரே ஒரு வாரப் பத்திரிகை. அதுவும் யாரோ ஒரு வெள்ளைக்கார மாலுமி படித்து முடித்து, தேநீர்க் கறையோடு கப்பல் அறையில் போட்டுவிட்டுப் போனது. ஆனாலும் அறுபது ஆண்டுகளாக அதை யாரிடமும் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

சென்ற மாதம், பர்மாவில் நான் இருக்கும் நகரின் கியாக்டடா நடைபாதையில் பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அங்கே நல்ல புத்தகங்கள் நிறைய வருகின்றன. ஊரை விட்டுப் போகிறவர்கள் விற்றுவிட்டுப் போகிறார்கள். அந்தக் குவியலில் கனமான ஒரு தொகுதி கிடந்தது. போருக்குப் பிறகு இங்கிலாந்தில் வாரந்தோறும் வந்த விண்வெளிப் படக்கதையைச் சேர்த்துப் புதிதாக அச்சிட்டது. அட்டையில் கேப்டன் இருந்தார். அதே சதுர மோவாய், அதே பச்சைச் சீருடை.

“அபா, இது சின்னப் பிள்ளைங்க புத்தகம். பேரனுக்கா?” என்று கடைக்காரர் என்னைத் தாத்தா முறை சொல்லிப் பர்மிய மொழியில் கேட்டார்.

எனக்குத்தான் என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைத் துடைத்துக் கொடுத்தார்.

அந்தக் கேப்டனை எங்களுக்கு அறிமுகப்படுத்தியவர் என் மாமா, அத்தையின் கணவர். அதே நகரின் பசுந்தாங் பேட்டையில் ஒரே வீட்டை நடுவில் பலகைத் தடுப்பு வைத்து இரண்டு குடும்பங்களாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலுக்குள் போய் வரும்போதெல்லாம் அந்தப் பத்திரிகையில் இரண்டு மூன்று இதழ்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வருவார். கப்பல்கள் இதழ் வரிசையைப் பார்த்து வருவதில்லை. கேப்டன் ஒரு வாரம் சனிக்கோளில் விழுந்து கிடப்பார், அதற்கு அடுத்து வரும் இதழில் இன்னும் லண்டனில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். நடுவில் விட்டுப்போனதையெல்லாம் மாமாவே சொல்லி நிரப்புவார். நானும் அத்தை மகனும் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து கேட்போம். அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மாப்பிள்ளை.

மாமா சொன்ன கதையில் கேப்டன் தமிழ் பேசுவார். செதில் முளைத்த சனிக்கோள் ராஜா மட்டும் பர்மிய மொழியில், லாக்கே, வா இங்கே, என்று அதட்டுவார். விண்கப்பலில் எல்லோரும் காலையில் எங்கள் தெருவைப் போலவே மொஹிங்கா, அந்த மீன்குழம்புச் சேமியா, சாப்பிடுவார்கள். மாமாவுக்குப் பெட்டிகளின்மேல் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களைத் தாண்டி ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

அம்மாவுக்குத்தான் அந்தப் படங்கள் பிடிக்கவில்லை. வளையத்தோடு பக்கம் முழுக்க இருந்த கோளைப் பார்த்து, யாரென்று ஒருநாள் கேட்டுவிட்டாள். சனி என்று மச்சான் பெருமையாகச் சொன்னான்.

“அண்ணே, அவரைக் கோயில்லயே நேருக்கு நேர் நின்னு கும்பிட மாட்டோம். நீங்க கலர்ல வீட்டுக்குக் கொண்டாந்திருக்கீங்க” என்றாள் மாமாவிடம்.

“இது இங்கிலீஷ் சனி தங்கச்சி. நம்ம ராசிக்கெல்லாம் வராது” என்றார் மாமா.

அம்மா சமாதானமாகவில்லை. அன்றிலிருந்து பத்திரிகைகள் பிஸ்கட் தகரத்துக்குள் போய், தகரம் பின்கட்டு மாடத்துக்குப் போனது.

அந்த வருடம்தான் கடைகளெல்லாம் அரசாங்கத்தின் கைக்குப் போயின. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பெட்டி கட்ட ஆரம்பித்தார்கள். அப்பாவிடம் குடியுரிமைக் காகிதம் இருந்தது, மாமாவிடம் இல்லை. வேலையும் போனது. அவர்கள் திருச்சிப் பக்கம் சொந்த ஊருக்குக் கப்பலேறுவதாக முடிவானது. கதையில் கேப்டன் அப்போது சனியின் வளையத்தில் எரிபொருள் தீர்ந்து சிக்கிக் கிடந்தார். மச்சானுக்கு இருந்த கவலை ஒன்றுதான். கப்பலேறுவதற்குள் கேப்டன் வீடு திரும்பிவிடுவாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

துறைமுக வேலையின் கடைசி நாளன்று மாமா ஒரே ஒரு இதழ் கொண்டுவந்தார். மச்சான் அத்தையோடு பயணச்சீட்டு வரிசையில் நின்றிருந்தான். மாமா அதை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். அட்டையில் கேப்டன் விண்கப்பலிலிருந்து புல்வெளியில் இறங்கிக்கொண்டிருந்தார். மரங்கள், நீல வானம், கையசைக்கும் ஜனங்கள். கதை முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. மச்சான் இதைப் பார்த்துவிட்டால் இந்த ஊரில் அவனுக்கு மிச்சம் எதுவும் இல்லை என்றும் தோன்றியது. பார்க்காவிட்டால் அவன் போக மாட்டான், போனாலும் திரும்பி வந்துவிடுவான். பதினோரு வயதில் நான் போட்ட கணக்கு அதுதான். அம்மாவின் தட்டு அலமாரியில் விரித்திருந்த தாளுக்கு அடியில் அதைச் செருகி வைத்தேன்.

அடுத்த பத்து நாளும் அவன் கேட்டான். நான் இல்லை என்றேன். ஒருநாள் மாமாவிடமே கேட்டுவிட்டான். மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கேப்டன் எப்படித் தப்பித்தார் என்று சொல்ல ஆரம்பித்தார்.

“வேணாம்ப்பா” என்றான் மச்சான். “இது நீங்களா சொல்றது. எனக்கு அச்சடிச்சது வேணும்.”

மாமாவின் வாய் பாதியில் நின்றது. அதன்பிறகு அந்த வீட்டில் அவர் கதை சொல்லவில்லை. நான் செய்ததிலேயே பெரிய தவறு அதுதான். ஒரு மனிதரிடமிருந்து அவருடைய கேப்டனைப் பிடுங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க அவர் இன்று இல்லை.

கப்பல் புறப்பட்ட காலையில் மச்சான் மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “மாப்ள, வந்தா அனுப்பி வைடா” என்று கத்தினான். நான் தலையாட்டினேன். பிஸ்கட் தகரத்தை அவன் எனக்கே விட்டுப் போயிருந்தான்.

திருச்சிப் பக்கத்திலிருந்து கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே கேள்வி இருக்கும். புத்தகம் வந்ததா? முதல் இரண்டுக்கும் வரவில்லை என்று பொய் எழுதினேன். மூன்றாவதற்குக் கை வரவில்லை. அந்த மழைக்காலத்தில் அம்மா அலமாரித் தாளை மாற்றியபோது, பூச்சி அரித்துக் கிடந்த அந்த இதழைச் சனீஸ்வரன் என்று அடுப்பில் போட்டுவிட்டாள். அதன்பிறகு நான் பதிலே எழுதவில்லை. கடிதங்கள் குறைந்தன, பிறகு நின்றன. கல்யாணம், சாவு எல்லாம் மற்ற உறவினர் வாயிலாகத் தெரிந்துகொள்வோம், அவ்வளவுதான்.

தொகுதியை வாங்கிய அன்று வீட்டுக்கு வந்ததும் அதைத் திறந்து அந்தப் புல்வெளியைத் தேடினேன். கிடைத்தது. அது முடிவே இல்லை. அது பூமியும் இல்லை. வேறொரு கோளில் பூமி மாதிரியே ஜோடித்து வைத்த பொறி. கையசைக்கும் ஜனங்களுக்கு அடுத்த பக்கத்தில் செதில் முளைக்கிறது. அதற்குப் பிறகும் கதை நீள்கிறது. அந்த வயதில் ஆங்கிலம் தெரியாத நான் நடுக்கதையை முடிவென்று எண்ணி, அதற்காக ஒரு உறவையே புதைத்து வைத்திருக்கிறேன்.

என் தங்கை மகளிடம் மச்சானின் எண் வாங்கி, மின்சாரம் வந்த ஒரு மாலையில் அழைத்தேன். கைபேசித் திரையில் ஒரு வழுக்கைத் தலை கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்தது. நலம் விசாரிக்கக்கூட இல்லாமல் நடந்ததையெல்லாம் சொன்னேன். மாமாவைப் பற்றியும் சொன்னேன்.

“தெரியும்டா” என்றான் கடைசியில். “தட்டு எடுக்கப் போனப்பவே பாத்துட்டேன்.”

“அப்புறம் ஏன் மச்சான் எடுக்கல?”

“எடுத்தா படிச்சிருப்பேன். படிச்சிட்டா உனக்கு லெட்டர் போட என்ன சாக்கு இருக்கு?” அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “அப்பாவும் கடைசி வரைக்கும் கேப்பாரு, அந்தத் திருட்டுப் பய எழுதினானான்னு. சிரிச்சுக்கிட்டுத்தான் கேப்பாரு.”

முழுத் தொகுதியும் என் மடியில்தான் இருக்கிறது, முடிவைச் சொல்லட்டுமா என்றேன். சொல்லாதே என்று பதறினான். வாரம் ஒரு பக்கம் போதும், அதுதான் முறை என்றான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கைபேசியில் அவனுக்குப் படிக்கிறேன். மின்சாரம் இல்லாவிட்டால் அடுத்த நாள். அச்சில் உள்ளபடியே ஒழுங்காக மொழிபெயர்க்கத்தான் தொடங்கினேன். இரண்டாவது வாரமே அவன் நிறுத்திவிட்டான். “அப்பா சொன்ன மாதிரி சொல்லுடா” என்றான். அதனால் ராஜா மறுபடியும் லாக்கே என்று அதட்டுகிறார். கேப்டன் இன்னும் வீடு வந்து சேரவில்லை. கடவுச்சீட்டுக்கு எழுதிப் போட்டிருப்பதாக மச்சான் சொல்கிறான், கடைசிப் பக்கத்தை இங்கே வந்து தானே பார்த்துக்கொள்வானாம்.

ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் புத்தகம் வந்ததா என்று அவன் கேட்டான். பதினோரு வயதில் நான், அவன் புத்தகத்தைத்தான் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.