பூஜையில் பெட்டி, மாடியில் டிஸ்க்

நான் படித்தது நாலாம் வகுப்பு. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் தலையில் பேப்பர் கட்டு சுமந்தவன். இன்று கரமனையில் கீழே என் அச்சகம், மேலே என் வீடு. கம்ப்யூட்டரை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கழற்றிப் பார்த்துக் கற்றேன். ரிப்பேருக்கு என்று இதுவரை ஒருத்தனையும் கூப்பிட்டதில்லை.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை நவமி அன்று காலையில் அக்ரஹாரத்துக்காரர் ஒருவர் பத்திரிகையோடு வந்து நின்றார். மகள் கல்யாணம். மலையாளப் பக்கத்தில் வியாழக்கிழமை, தமிழ்ப் பக்கத்தில் புதன்கிழமை. புரூப் பார்த்தது நான். கையெழுத்துப் போட்டது அவர்.

"நாளைக்கு விடியக்காலம் திருநெல்வேலி வண்டி. குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைக்கணும். இதைப் பார்த்துட்டு சாமி ஒரு நாள் முன்னாடியே வந்து பந்தல்ல உக்காந்துக்கும் ஓய்!"

பேனாவால் திருத்தவும் வழியில்லை. முந்தின நாள் சாயங்காலமே பூஜை வைத்தாயிற்று. இந்த ஊரில் பூஜை வைத்தால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை எழுத்தும் கிடையாது, தொழிலும் கிடையாது. என் கம்ப்யூட்டர் மெஷின், பேனா, பென்சில் எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருந்தன. முப்பது வருஷமாக நான் அதை மீறியதில்லை.

ஆனால் தப்பான பத்திரிகையோடு ஒருவரை வண்டி ஏற்றியதும் இல்லை.

"சாயங்காலம் வாங்க சாமி, பத்து பத்திரிகை ரெடியா இருக்கும்" என்று அனுப்பிவிட்டேன்.

ஓட்டக் கூடாதது மெஷின். அதற்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்ற மெஷினை ஓட்ட வேண்டியதில்லை. பழைய விண்டோஸ், தமிழ் எழுத்துகள், பத்திரிகை எல்லாம் அந்த டிஸ்க்கில். மாடியில் மருமகளின் கம்ப்யூட்டர் பூஜையில் இல்லை. அவள் ஆபீஸ் வெளிநாட்டுக்காரர்களுடையது. அவர்களுக்கு நவமி கிடையாது.

பூஜையில் இருந்த பெட்டியின் ஸ்குரூ தலைகளில் அவள் வைத்த சந்தனம் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டுவதைப் பார்த்துவிட்டாள். எடுக்கக் கூடாது என்று மலையாளம் கலந்த தமிழில் தடுத்தாள்.

"மாமா, பூஜை வச்சத எடுக்கான் பாடில்ல, கேட்டோ."

"பெட்டி அங்கதான இருக்கு? நான் உள்ள இருக்கறதத்தான் எடுக்கேன்."

"கொள்ளாம், நல்ல நியாயம்! அப்போ சரஸ்வதி தகரத்தையா அனுக்கிரகிக்கும்?"

திட்டினாளே தவிர, மாடிக்கு வழி விட்டாள். ஒரே நிபந்தனை: "மூணு மணிக்கு எனக்கு மீட்டிங். என் மெஷின் பழையபடி இருக்கணும்."

அவள் டிஸ்க்கைக் கழற்றி என்னுடையதை மாட்டினேன். முதலில் டிஸ்க்கே இல்லை என்றது. செட்டிங்கில் போய், பழைய முறையில் தொடங்கு என்று மாற்றினேன். பிறகு நீலத் திரை வந்து வந்து அணைந்தது. டிஸ்க்கைப் படிக்கும் முறையையும் மாற்றினேன். ஏறிவிட்டது. எழுத்தெல்லாம் பூதம் மாதிரி பெரிதாக வந்தது, ஆனாலும் என் விண்டோஸ்தான். அவள் பிரின்டர் மட்டும் அதற்குப் பிடிபடவில்லை. புதனை வியாழன் ஆக்கி, அவள் விண்டோஸில் பிரின்ட் எடுக்கத் தோதாகப் பென் டிரைவில் ஏற்றினேன். படித்தவர்கள் இதற்குப் புதிதாக எல்லாம் போட்டு ஒரு நாள் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு ஒரு மணி நேரம்.

பிறகு அவள் டிஸ்க்கைத் திரும்ப மாட்டினேன். ஏறவில்லை.

பிரின்டர் அவளுடையது. அந்த மெஷின் ஏறினால்தான் அவளுக்கு மீட்டிங், அவருக்குப் பத்திரிகை. தொடங்கும் முறையை முன்போல மாற்றி வைத்தேன். இப்போது நீலத் திரை. இன்னொன்று என்ன மாற்றினேன்? எதை மாற்றினாலும் துண்டுக் காகிதத்தில் குறித்து வைப்பது என் வழக்கம். அன்று பேனா கீழே சரஸ்வதியிடம். மனதில் நிற்கும் என்று இருந்துவிட்டேன். நிற்கவில்லை.

"போன்ல ஒரு ஃபோட்டோ எடுத்திருக்கலாமே மாமா" என்றாள் அவள். மணி இரண்டரை.

அது எனக்குத் தோன்றவில்லை. முதலில் செய்த மாதிரியே ஒவ்வொரு பக்கமாகத் திறந்துகொண்டு போனேன். மூன்றாவது பக்கத்தில் கை தானாக நின்றது. டிஸ்க்கைப் படிக்கும் முறை. மாற்றினேன். அவள் வைத்திருந்த என் பேரக்குழந்தையின் படம் திரையில் வந்தது. பத்துப் பிரதியும் எடுத்து முடித்தபோது மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

சாயங்காலம் அவர் இரண்டு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார். "வியாழன்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். பூஜை நேரத்தில் எப்படி அடித்தேன் என்று கேட்கவில்லை.

டிஸ்க்கை நான் பெட்டியில் திரும்ப மாட்டவில்லை. எடுத்ததை நடுவில் கொண்டு வைப்பதும் தப்பு என்று மருமகள் தடுத்துவிட்டாள். விஜயதசமி காலையில் காலிப் பெட்டிக்குத்தான் கற்பூரம் காட்டினேன்.

பூஜை எடுத்ததும் அவள் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் ஹரிஸ்ரீ என்று முதல் எழுத்து எழுதவைத்தாள். நான் பேனாவை எடுத்து, மாற்றிய இரண்டு செட்டிங்கையும் ஒரு துண்டில் எழுதி, அவள் கம்ப்யூட்டருக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன்.