பூச் சுமந்து வந்த ஹெலிகொப்டர்

சபையோரைச் சாட்சிக்கு அழைத்துப் பேசியே பழகியவன் நான். ஆகவே, வாசகரே, முதலில் உங்களை அழைக்கிறேன். இலங்கையின் மலைநாட்டு உக்குவளையில் எங்கள் கோயில் முன்றிலில், அந்தக் கும்பாபிஷேகக் காலையில், நீங்களும் நின்றிருந்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். அன்று எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்திருக்கலாம், குற்றமில்லை. முழுவதையும் கேட்டபின் தீர்ப்புச் சொல்லுங்கள்.

வடக்கில் போர் மூண்டிருந்த தொண்ணூறுகள் அவை. எனக்குப் பத்து வயது. பேச்சுப் போட்டியில் தோல்வி எப்படி இருக்கும் என்று அறியாதவன். கோயில் நிர்வாக சபையில் இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், பல இடங்களில் ஏறி இறங்கி ஓர் அரிய ஏற்பாட்டைச் செய்திருந்தார். கலசத்துக்கு நீர் வார்க்கும் வேளையில் விமானப்படை ஹெலிகொப்டர் வந்து கோபுரத்தின்மீது பூமாரி பொழியும். அதற்குச் சற்று முன் மேடையில் நான் பேச வேண்டும். தலைப்பு, ‘போரில் விமானம்’. கோயிலில் எதற்குப் போர்ப் பேச்சு என்று அம்மா கேட்டார். “கடைசி வசனத்தக் கேட்டுட்டுச் சொல்லு” என்றார் மாமா.

அந்த வசனம் இதுதான்: ‘அன்று குண்டு சுமந்த விமானம், இன்று பூச் சுமந்து வருகிறது!’ அப்போது என் வலக்கை வானத்தைக் காட்ட, ஹெலிகொப்டர் தோன்ற வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் சாக்கு விரித்துக் கராம்பு காயவைக்கும் முற்றத்தில் ஒத்திகை பார்த்தேன். கேட்டவர் சித்தி ஒருவர்தான். முன்பொரு கலவரத்துக்கு அஞ்சித் தேயிலைத் தோட்டத்தை விட்டு வடக்கே வன்னியில் குடியேறிய குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர் அவர். வயலை விட மனமின்றிச் சித்தப்பா அங்கேயே நிற்க, ஆறு வயது மகளோடு அண்மையில்தான் எங்களிடம் வந்திருந்தார். அவர் கராம்பைக் கிளறிவிட, நான் முழங்கினேன். கயிற்றில் கட்டிய பலூனில் ஏறி எதிரியின் படையை வேவு பார்த்தான் மனிதன். பின்பு இறக்கை முளைத்தது. முதலில் பார்ப்பதற்கு மட்டுமே பறந்தார்கள். பிறகு கையாலே குண்டு போட்டார்கள். அதன்பின் ஊர்களையே எரித்தார்கள். படையின் கண்ணாகப் பிறந்த விமானம் அதன் கையாக வளர்ந்தது!

“நல்லாத்தான் இருக்கு” என்றார் சித்தி. “இத்தன ப்ளேன் சொன்ன. சத்தத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலியே.”

சத்தமெல்லாம் வரலாற்றில் சேராது என்று பதிலளித்தேன்.

அந்தக் காலையில் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக மேடையேறினேன். பலூன் கடந்தது, இரண்டு உலகப் போர்களும் கடந்தன. “அன்று குண்டு சுமந்த விமானம்” என்று குரலை உயர்த்தி, கைதட்டலுக்காக ஒரு மூச்சு நிறுத்தினேன். அந்த மூச்சுக்குள் ஹெலிகொப்டர் மலையைத் தாண்டி வந்துவிட்டது. சனம் முழுவதும் பூவுக்குக் கையேந்தி அண்ணாந்தது. பெண்கள் பக்கமிருந்து ஒருவர் மட்டும் மேடையை நோக்கி ஓடி வந்தார். சித்தி என் இடுப்பைப் பற்றி இழுத்து, மேடையோரத்தில் மழைநீர் ஓடும் கானுக்குள் என்னைத் தள்ளி, மேலே விழுந்து மூடினார். ஒலிவாங்கியும் எங்களோடு வந்தது. ஊர் முழுவதும் அவர் குரல்தான்: “படுறா. தலயத் தூக்காத. வாயத் தொறந்து வச்சுக்க, இல்லன்னா காது கிழிஞ்சிரும்.”

எங்கள்மேல் செவ்வந்தி உதிர்ந்தது. இரைச்சல் ஓய்ந்ததும் சிரிப்பு எழுந்தது. “தம்பி, ஹெலி போயிருச்சு, எந்திரிச்சு மிச்சத்தப் பேசுங்க” என்றார் ஒருவர். சேற்றிலிருந்து எழுந்த நான் முதலில் கண்டது சித்தியின் மகளைத்தான். அவள் சனம் உட்காரும் ஒரு வாங்குக்கடியில் குப்புறப் படுத்து, காதுகளில் விரல் செருகி, வாயைத் திறந்து வைத்திருந்தாள். யாரும் அவளைப் படுக்கச் சொன்னதாகத் தெரியவில்லை. முதுகில் பூ கிடந்தது.

“பூத்தானம்மா போடுவான்னு சொன்னேன்” என்றார் மாமா, தாழ்ந்த குரலில்.

“எனக்குத் தெரியும்ணே. காலுக்குத் தெரியலியே.”

மாமா தம் சால்வையை எடுத்துத் தங்கையின் தோளில் போர்த்தினார். அதன்பின் அவர் முன்னால் யாரும் சிரிக்கவில்லை.

மாலையில் கிணற்றடியில் சித்தி என் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார். கடைசி வசனத்தின் மறுபாதி பேசப்படாமலே போயிற்று. ‘பூ’ என்ற சொல்லை அடையாமலே முடிந்த பேச்சு அது.

“ஒங்க மக அங்க தனியா இருந்தாளே. அவள விட்டுட்டு என்னைய எதுக்கு இழுத்தீங்க?”

“அவளுக்குத் தெரியும்டா. ஒனக்குத்தான் ஒண்ணும் தெரியாது.”

எனக்கா தெரியாது? விமானத்தின் வரலாற்றையே மனனம் செய்தவன் நான். அவமானம் பொங்க, பலூனிலிருந்து மறுபடியும் தொடங்கினேன். சட்டையைப் பிழிந்தபடி சித்தி பொறுமையாகக் கேட்டார். ஓடி வந்த அந்தத் தாய் எதைப் பின்னால் விட்டுவிட்டு வந்தாள் என்பது, அத்தனை வரலாறும் அறிந்த எனக்கு அன்று விளங்கவில்லை. இன்னொரு மேடையிலும் இப்படி மானம் போகக்கூடாது என்பது மட்டுமே என் கவலை. ஆகவே ஈரச் சட்டையை வாங்கிக்கொண்டு, மேடைக் குரலிலேயே வாக்குக் கொடுத்தேன்:

“அடுத்த தடவ சத்தம் கேட்டா நானே படுத்துக்குவேன், சித்தி. நீங்க தங்கச்சிகிட்டயே இருங்க.”