ஜெகதீஸ்வரி ரீச்சரின் ஐந்து கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், சவுந்தரநாயகத்தாரின் கார் இல்லாத கராஜுக்குள், ஜெகதீஸ்வரி ரீச்சர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்து வந்தார். பதினாலு பிள்ளைகள், உட்கார நாலு வாங்கு, ஒரு கரும்பலகை. எழுவாய், பயனிலை, எதிர்ச்சொல் என்று பிள்ளைகள் போடுகிற சத்தத்தில், பின்னால் ஓடும் ரயிலே கொஞ்சம் அடக்கி வாசிக்கும்.

ரீச்சர் யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருஷம் படிப்பித்தவர். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்டபோது அவரும் வெளிக்கிட்டு, ஒரு பெட்டியோடு கொழும்புக்கு வந்து சேர்ந்தார். கனடாவில் இருக்கும் தங்கை கிழமைக்கொரு தரம் ரெலிபோன் எடுத்து, "அக்கா, இஞ்ச வாங்கோ" என்று அழுவாள். "அந்தக் குளிருக்குள்ள நான் ஆருக்குப் படிப்பிக்கிறது?" என்று ரீச்சர் கதையை முடித்துவிடுவார்.

இலக்கணத்தில் பிள்ளைகள் புலிதான். கிரகித்தல் என்றால் மட்டும் பூனை. பந்தியை வாசித்து, கீழே உள்ள கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒருவராவது பந்தியை வாசித்தால்தானே! நேரே கேள்விக்குப் பாய்வார்கள். "முதல்ல பந்தியை வாசி!" என்று கத்திக் கத்தியே ரீச்சரின் தொண்டை பாதியாகிவிட்டது.

பிள்ளைகளிலும் முழுப் பிழை சொல்ல முடியாது. புத்தகத்துப் பந்திகள் எல்லாம் வயலும் வரம்பும் பற்றியவை. மாடியில் பிறந்து லிப்ட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வரம்பில் என்ன வேலை? ஒருநாள் ரீச்சர் யோசித்து, ஒழுங்கைச் சனங்களைப் பற்றியே பந்தி எழுதத் தொடங்கினார். விசா வருமென்று இரண்டு வருஷமாகத் தினமும் சப்பாத்துக்குப் பொலிஷ் போடும் நமசிவாயம், மீன்காரனோடு அரை மணித்தியாலம் சண்டை பிடித்துவிட்டு அவனிடமே மீன் வாங்கும் அன்னபாக்கியம் என்று எல்லோரும் கொப்பிக்குள் வந்தார்கள். பிள்ளைகள் வரிக்கு வரி வாசித்தார்கள். சில வரிகளை இரண்டு தரம் வாசித்தார்கள்.

தொண்ணூற்றேழு ஜூலை. புலமைப்பரிசில் பரீட்சைக்கு மூன்று கிழமை இருந்தது. சனிக்கிழமைக் காலையில் ஒழுங்கையின் இரண்டு முனையையும் அடைத்துவிட்டுப் பொலிஸ் சோதனைக்கு இறங்கியது. ரீச்சர் கராஜ் வாசலில் வந்து நின்றார். அடையாள அட்டையும், வடக்கிலிருந்து வந்தவர்கள் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவும் கையில் சரியாகத்தான் இருந்தன. அவருடைய பயம் வேறு. "பொலிஸ் ஒருக்கா உங்களைக் கூட்டிக்கொண்டு போனாலும், அண்டையோட வகுப்பு முடிஞ்சுது" என்று சவுந்தரநாயகத்தார் கராஜைத் தந்த அன்றே சொல்லியிருந்தார். பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கையில் பதினாலு பிள்ளைகளும் நடுத்தெருவில் நிற்பார்கள்.

இன்ஸ்பெக்டர் அட்டையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார். ஆனால் கூட வந்த கொன்ஸ்டபிள் அண்மையில்தான் தமிழ் படித்தவர். படித்ததைக் காட்ட வேண்டாமா? மேசையில் கிடந்த கொப்பியை எடுத்து, திங்கட்கிழமைப் பாடத்தின் அடியிலே விரலை வைத்தார்.

"றவூப் எத்… எத்தனை மணிக்குத் தூங்குகிறார்? அப்போது கடையில் யார் இருக்கிறார்கள்? கள்ளன் எந்த வழியால் உள்ளே வருகிறான்? எதைத் தூக்குகிறான்? எந்தப் பக்கம் ஓடுகிறான்?"

அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல யாரோ கடையை வேவு பார்த்த குறிப்பு இது என்று இன்ஸ்பெக்டரின் முகம் கறுத்தது. "ஜீப்பில் ஏறச் சொல்" என்றார். அவ்வளவு சிங்களம் ரீச்சருக்கும் விளங்கும். ஆனால் பதினெட்டு வருஷப் பழக்கம் பொலிஸைப் பார்க்குமா? வாய் தன்பாட்டில் வெடித்தது.

"முதல்ல பந்தியை வாசியுங்கோ!"

சொன்னபிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று விளங்கி, உயிர் போய்விட்டது. கொன்ஸ்டபிள் நல்ல மாணவன் மாதிரிப் பந்திக்குப் போனார். இரண்டாம் வரியில் மூச்சு முட்டியது. தமிழும் சிங்களமும் வாசிக்கத் தெரிந்த பக்கத்துக் கடை முதலாளியைக் கூப்பிட்டார்கள். அந்த முதலாளிதான் றவூப்.

றவூப் நானா என்று ஒழுங்கையே கூப்பிடும் அவர் கனத்த மனிதர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். அவர் முன்னால் ஒழுங்கையில் யாரும் உரக்கக்கூடச் சிரிப்பதில்லை. "மேக்க கியவன்ன முதலாளி" என்று, வாசிக்கச் சொல்லி இன்ஸ்பெக்டர் கொப்பியை நீட்டினார். றவூப் மனதுக்குள் ஒருமுறை வாசித்தார். காது சிவந்தது. ரீச்சர் நிலத்தைப் பார்த்தார்; நிலமும் உதவவில்லை.

பிறகு றவூப் தொண்டையைச் செருமி, சிங்களத்தில் உரத்து வாசித்தார். றவூப் மத்தியானம் ஒரு மணிக்குக் கதிரையில் தூங்குவார். அப்போது கடையில் வேறு ஒருவரும் இல்லை. கள்ளப் பூனை பின் யன்னலால் வந்து கருவாட்டைத் தூக்கும். றவூப் எழும்பித் துரத்துவார். பூனை திரும்பிச் சீறினால், றவூப் மேசைக்கு மேல் ஏறி நின்று மனைவியைக் கூப்பிடுவார். பூனை ஆறுதலாகக் கடற்கரைப் பக்கம் போகும்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். கொன்ஸ்டபிள் சிரித்தார். அட்டையோடு வரிசையில் நின்ற முழு ஒழுங்கையும் பொலிஸை மறந்து சிரித்தது. ஜீப் வெறுமையாகத் திரும்பியது. "திங்கட்கிழமை வகுப்பு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் சவுந்தரநாயகத்தார் கேட்டார். ரீச்சருக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. றவூப் ஒருவரையும் பார்க்காமல் கடைக்குள் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை ரீச்சர் கடைக்குப் போனார். றவூப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"நானா, உங்களைக் கேக்காமல் எழுதினது என்ர பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா அந்த மேசைக் கதையை ஏன் வாசிச்சனீங்கள்? விட்டிருக்கலாமே?"

"அந்தக் கொன்ஸ்டபிள் பின்னால நிண்டு வரிக்கு வரி விரல் வெச்சிட்டு வந்தான் டீச்சர். ஒரு வரியெ உட்டாலும் புடிச்சீப்பான். உங்களெ ஏத்திட்டுப் போயீப்பான். எனக்கென்ன, சிரிச்சாப் போகுது."

ரீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. "அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டன் நானா" என்றார்.

தராசு நின்றது. "கிழிச்சிட்டீங்களா? முழு ஒழுங்கையும் சிரிச்சி முடிஞ்ச பொறகா? நாளைக்குப் புள்ளைகளுக்கு என்னத்தெக் குடுப்பீங்க?"

சாமான் சுற்றும் தாள் ஒன்றைக் கிழித்து, காதில் செருகியிருந்த பேனையையும் எடுத்து ரீச்சர் முன்னால் வைத்தார்.

"நான் சொல்றேன், எழுதுங்க. றவூப் மத்தியானம் ஒரு மணிக்குக் கதிரையில் தூங்குவார்."

ஒரு வரியும் தவறாமல் சொல்லிக்கொண்டு போனார். பூனை சீறிய இடத்தில் ரீச்சரின் பேனை நின்றது.

"எழுதுங்க டீச்சர்" என்றார் றவூப். "மேசைக்கு மேல் ஏறி நின்று, மனைவியைக் கூப்பிடுவார்."