அலை அரை மீட்டர்

சித்திரைப்பேட்டையிலிருந்து கம்ப்யூட்டர் படிக்கப் போன முதல் பெண் இசைவாணி. கடலூர் முதுநகருக்குத் தெற்கே இருக்கிற மீனவர் ஊர் அது. 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் புகுந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சிதம்பரத்தில், கல்லூரி விடுதியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் உடல் மூன்றாம் நாள்தான் கிடைத்தது. படிப்பை நிறுத்திவிடச் சொன்னவர்கள் நிறையப் பேர். அம்மா இருசம்மாள், "அவ படிக்கட்டும். எனக்கு இன்னும் கை காலு இருக்குது" என்று சொல்லிவிட்டு மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

படிப்பு முடிந்து 2007இல் சிதம்பரம் மேல வீதியிலேயே வேலை கிடைத்தது. மருந்துக் கடை மாடியில் நடனசபாபதி என்பவர் நடத்திய சின்ன கம்பெனி. ஐந்தே பேர். அங்கே அவள் ஆசைப்பட்டுச் செய்தது 'கடல் பலகை' என்கிற நிரல். கடல்நிலை சொல்லும் மையத்தின் இணையப் பக்கத்திலிருந்து அலை உயரத்தையும் காற்று வேகத்தையும் எடுத்து, தமிழில் மாற்றி, கடலோர ஊர்களின் தகவல் மையங்களுக்குக் கொடுக்கும். சித்திரைப்பேட்டை மையத்தைப் பார்த்துக்கொண்டவர் அவளுடைய தாய்மாமா சுப்புராயன். தினமும் காலை ஐந்தரைக்கு அதை ஒலிபெருக்கியில் வாசிப்பார். "இன்னிக்கு அலை அரை மீட்டரு, காத்து மிதமா இருக்கும்" என்று அவர் குரல் வந்த பிறகுதான் படகுகள் இறங்கும். தன் மகள் எழுதியதை ஊர் கேட்கிறது என்று இருசம்மாளுக்கு அத்தனை பெருமை.

2009 ஐப்பசியில் ஒரு நாள், பலகைப் பக்கத்துக்கு யார் யார் வந்துபோனார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது இசைவாணிக்கு ஏதோ உறுத்தியது. ஒரு வாரமாகத் தினமும் விடியுமுன் ஒரே வெளிநாட்டு முகவரியிலிருந்து ஒருவர் வருகிறார். வந்து ஒரே ஒரு பக்கத்தைத் திறக்கிறார், போய்விடுகிறார். அவர் அனுப்பிய கோரிக்கையோடு, வழக்கமாக யாரும் அனுப்பாத ஒரு வரி இருந்தது: 'ப்ராக்ஸி' என்ற பெயரும், அதற்கெதிரே வேறொரு கணினியின் முகவரியும்.

அன்று முழுக்க அவள் வேறு வேலை பார்க்கவில்லை. கடல்நிலை மையத்தின் பக்கத்தைப் போய் எடுத்துவர அவள் நிரல் ஓர் இலவச நிரல் தொகுப்பைப் பயன்படுத்தியது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் பயன்படுத்துவதுதான். அந்தத் தொகுப்பு வெளியே கிளம்புமுன், 'நேராகப் போகலாமா, நடுவில் வேறொரு கணினி வழியாகப் போக வேண்டுமா' என்று ஓரிடத்தில் பார்த்துக்கொள்ளும். அப்படி நடுவில் நிற்கும் கணினிதான் ப்ராக்ஸி. கல்லூரிகளில், அலுவலகங்களில் எல்லாம் உண்டு, அதில் தப்பில்லை. தப்பு வேறு இடத்தில் இருந்தது. வெளியிலிருந்து வருகிறவர் தன் கோரிக்கையில் 'ப்ராக்ஸி' என்று ஒரு வரி எழுதி அனுப்பினால், அதுவும் அதே இடத்தில் போய் உட்கார்ந்தது. தொகுப்பு அதைச் சொந்த வீட்டுக்காரன் உத்தரவாக எடுத்துக்கொண்டு, அந்நியன் காட்டிய வழியிலேயே போனது. அங்கே அவன் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வந்தது. ஒருமுறை வாங்கி வந்ததைச் சேமித்து வைத்து, மறுநாள் வரை எல்லா ஊர்களுக்கும் காட்டியது.

நம்ப முடியாமல் தானே செய்து பார்த்தாள். தன் கணினியை நடுவில் நிறுத்தி, ஒரு கோரிக்கை அனுப்பினாள். மையம் அன்று 1.8 மீட்டர் என்று சொல்லியிருந்தது. அவள் அதை 0.5 என்று மாற்றினாள். பலகையில் அரை மீட்டர் என்று வந்து நின்றது. உடனே பழையபடி மாற்றிவிட்டு, நடனசபாபதியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர் கெட்டவர் இல்லை. காட்டுமன்னார்கோயில் பக்கத்து நிலத்தை விற்றுத்தான் கம்பெனி ஆரம்பித்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இதுவரைக்கும் தப்பான தகவல் ஏதாவது போயிருக்காம்மா?"

"தெரியல சார். ஆனா அந்த ஆளு தினமும் வர்றான்."

"பாஸ்வேர்டு திருடுற பயலுங்க எங்க வேணாலும் கைய வுட்டுப் பாப்பானுங்க. நம்மகிட்ட இன்னா இருக்குது எடுக்க? இன்னும் பதினோரு நாள்ல கடலூர்ல அதிகாரிங்க முன்னாடி டெமோ. ஓடுறத இப்ப தொடாத. முடிஞ்சதும் பொறுமையா பாத்துக்கலாம்."

"ரெண்டு வரிதான் சார்."

"ரெண்டு வரியில போன சித்திரையில மூணு நாள் படுத்துப் போச்சே, மறந்துட்டியா?"

அது அவள் செய்த தவறுதான். தன் இடத்துக்குத் திரும்பினாள். சர்வரின் கடவுச்சொல் அவளிடமும் இருந்தது. மறுநாள் ஒருமுறை உள்ளே போய், அந்த இரண்டு வரிகளை எழுதியும்விட்டாள். சேமிக்காமல் வெளியே வந்தாள்.

பத்தாம் நாள் காலை வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. எட்டே முக்காலுக்கு அலுவலகம் வந்தவள், பலகையைத் திறந்தாள். அலை அரை மீட்டர். அதற்குக் கீழே தேதி. மூன்று நாளுக்கு முந்தைய தேதி. மையத்தின் பக்கத்தை நேராகத் திறந்தாள். சிவப்புக் கட்டத்தில், வெகுதூரத்திலிருந்து கிளம்பிய பேரலைகள் காலை ஒன்பதிலிருந்து கரையை மோதும், மூன்று மீட்டர் வரை எழும் என்று இருந்தது. அறிவிப்பு முந்தின நாள் மாலையே வந்திருக்கிறது. உடனே சுப்புராயனுக்குப் போன் போட்டாள்.

"மாமா, படகு இறங்கிடுச்சா?"

"ஆறு மணிக்கே எறங்கிட்டாங்களே. பதினாலு படகு. என்னாம்மா?"

"வெளியவே இருக்கச் சொல்லுங்க. கரைக்கு வர வேணாம்னு சொல்லுங்க. அலை கரைகிட்டதான் எழும். நான் குடுத்தது பழசு மாமா, நான் குடுத்தது பழசு!"

சுப்புராயன் கேள்வி கேட்கவில்லை. செல்போன் எடுத்த படகுகளுக்கெல்லாம் சொன்னார். பன்னிரண்டு பேர் எடுத்தார்கள், மதியம்வரை ஆழத்திலேயே நின்றார்கள். இரண்டு படகுகள் அதற்குள் கரையை நோக்கித் திரும்பிவிட்டிருந்தன. காற்றே இல்லாத கடலில், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண் முன்னால், பின்னாலிருந்து ஒரு சுவர் எழுந்து இரண்டையும் கவிழ்த்தது. ஐந்து பேர் நீந்தி வந்தார்கள். ஆறாவது ஆள் பொன்னுரங்கம் வரவில்லை.

செய்தி கேட்ட பிறகு அவள் சர்வருக்குள் போய் இரண்டு வரிகளையும் எழுதிச் சேமித்தாள். யாரையும் கேட்கவில்லை. நடனசபாபதி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "அலை அடிச்சது கடல்லம்மா. நம்ம மெஷின்ல இல்ல" என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை போலிருந்தது.

நிரல் தொகுப்பை எழுதியவர்களுக்கு அவள் கடிதம் போட்டாள். நன்றி சொல்லி, மூன்று வாரத்தில் புதிய பதிப்பு வெளியிட்டார்கள். அந்த அந்நியன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அவனுடைய கணினி, வழியில் போகிற கடவுச்சொற்களை அள்ளுவதற்காக நின்றது. வேலை மிச்சமாகட்டும் என்று மூன்று நாள் முன்பு எடுத்துவைத்த பழைய பக்கத்தையே திரும்பக் கொடுத்திருக்கிறது. அவ்வளவுதான். கடலூர் எங்கே இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது.

காரியம் முடிந்த மறுநாள் அவள் ஊருக்குப் போனாள். சுப்புராயன் தெருமுனையிலேயே மறித்தார்.

"சொல்லாத வாணி. அலை அடிச்சுது, போயிட்டான். ஊரு அப்படியே ஏத்துக்கிச்சு. உங்கம்மா இங்கதான் வாழணும்."

அவள் போனாள். பொன்னுரங்கத்தின் மனைவி செல்லாயி, வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். இசைவாணி பக்கத்தில் உட்கார்ந்து, ப்ராக்ஸி என்ற சொல்லே வராமல், நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். செல்லாயியின் கை உரிப்பதை நிறுத்தவில்லை.

"எப்பத்திலேருந்து தெரியும் உனக்கு?"

"அலை அடிக்கறதுக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே தெரியும்க்கா."

"சரி பண்ண எவ்ளோ நேரம் ஆச்சு?"

இசைவாணி பொய் சொல்லியிருக்கலாம்.

"நாலு நிமிசம்."

செல்லாயி எழுந்து, உரித்த இறால் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. இருசம்மாளிடம் மூன்று மாதம் யாரும் பேசவில்லை. ஒலிபெருக்கியில் சுப்புராயன் வாசித்தால், அதைக் கேட்ட பிறகும் ஆண்கள் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இசைவாணி சிதம்பரம் வேலையை விட்டாள். இப்போது, 2012இல், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதிய நிரல்களைச் சோதிக்கிறாள். வழியில் எதிர்ப்பட்டால் செல்லாயி முகத்தைத் திருப்புவதில்லை, நேராகப் பார்க்கிறாள். அதைவிடத் திட்டியிருக்கலாம் என்று இவளுக்குத் தோன்றும்.

இந்த ஆடியில், அந்தத் தொகுப்பின் பழைய பதிப்பு இன்னும் எங்கெங்கே ஓடுகிறது என்று ஓய்வு நேரத்தில் தேடத் தொடங்கினாள். முதல் நாளிலேயே முப்பத்தோரு இடங்கள் அகப்பட்டன. அதில் ஒன்று, நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஊர் ஊராக அனுப்பும் ஒரு பரிசோதனைக் கூடம். எல்லோருக்கும் விவரமாக எழுதினாள். பதில் வந்தது அந்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து மட்டும்தான்.

'தங்கள் அக்கறைக்கு நன்றி. எங்களுக்கு இதுவரை எந்தப் பிரச்சனையும் வரவில்லை.'