சனிக்கிழமை வேர்த்த உப்பு

ஒரு மூலக்கூறு உடையும் கணத்தை உப்பளக்காரனின் மகளால் பிடிக்க முடியாது என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஸஃப்னா உயர்தர வகுப்பில் இரசாயனவியல் கேட்டபோது புத்தளத்துச் சொந்தக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் வாப்பா முத்தலிபு மட்டும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

இன்று அவள் ஜேர்மனியில் ஓர் ஆய்வுகூடத்தில் இருக்கிறாள். ஒரு செக்கனைக் கோடி கூறாக்கி, அதில் ஒரு கூறை மறுபடியும் கோடி கூறாக்கினால் கிடைக்கும் நேரத்தைப் போல் சில மடங்கு மட்டுமே மின்னி மறையும் லேசர்தான் அவளுடைய கருவி. முதல் ஒளித் துடிப்பு மூலக்கூறை உலுக்கும். அது உடைவதும் தப்புவதும் இரண்டாவது துடிப்பை எப்போது விடுகிறோம் என்பதைப் பொறுத்தது. அந்த 'எப்போது'வைத் தேடுவதே அவள் வேலை.

ஆனால் அவள் நின்றால் அளவீடு மங்கியது. மற்றவர்கள் நின்றால் தெளிவாக வந்தது. ராசியில்லாத கை என்று கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். படித்தவர்கள்! வெள்ளை மேலங்கி போட்டாலும் மூடநம்பிக்கை மூடநம்பிக்கைதான். இரண்டு வாரத்தில் சரிவராவிட்டால் பரிசோதனை வேறொருவருக்கு என்றார் பொறுப்பாளர்.

அன்று தொலைபேசியில் அவள் சொன்னதைக் கேட்டு வாப்பா கேலி செய்தார்.

"அந்த லேசர உட்டுட்டு வந்து பாத்தியில நில்லு மகள். உப்பாச்சும் வெளையும்."

"பகிடி உடாதீங்க வாப்பா. அங்க மழை இருட்டா?"

"ஓம். குவிச்ச உப்பெல்லாம் வேர்க்குது. தென்னோலைக் கிடுகு போட்டு மூடுறம்."

உப்பு வேர்க்கிறது என்றதும் ஸஃப்னாவுக்குத் தன் கருவி நினைவில் வந்தது. அளக்கும் கதிர் சாதாரணக் கண்ணாடியூடாகப் போகாது. அதனால் மாதிரி இருக்கும் கலத்துக்கு உப்புப் பளிங்கில்தான் சன்னல். புதியவள் என்று அவளுக்கு ஒதுக்கியவை சனியும் ஞாயிறும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, காற்றை உலர்த்தும் இயந்திரத்தை நிறுத்திவைப்பதும் அதே இரண்டு நாட்கள். ஈரக்காற்றில் சன்னல் வேர்த்திருக்கிறது; திங்களன்று இயந்திரம் ஓடியதும் காய்ந்திருக்கிறது. பழி அவள் கைக்கு!

அடுத்த சனிக்கிழமை புதுச் சன்னல் பொருத்தி, கலத்தைப் பிளாஸ்ரிக் பெட்டியால் மூடி, உள்ளே உலர்ந்த நைதரசனைச் செலுத்தினாள். அளவீடு பளிச்சென்று வந்தது. இரண்டாவது துடிப்பைச் சற்றுப் பிந்தி விட்டதும் மூலக்கூறுகள் உடைவது குறைந்தது. திரும்பத் திரும்பச் செய்தாள்; ஒவ்வொரு முறையும் குறைந்தது. பரிசோதனை அவளிடமே தங்கியது. வாரநாட்களையும் கேட்டு வாங்கினாள்.

"லேசருக்கும் கிடுகு போட்டியா மகள்?"

"ஓம் வாப்பா. பிளாஸ்ரிக் கிடுகு!"

அன்று அந்த ஒரு கையெழுத்து விழாதிருந்தால் இதில் எதுவும் இல்லை. உங்கள் மகளும் இரசாயனவியல் என்று நிரப்பிய விண்ணப்பத்தோடு எதிரில் நிற்கலாம். ஊர் வாயைப் பார்க்காதீர்கள். பேனையை எடுத்துக் கையெழுத்துப் போடுங்கள்.