கைநாட்டு வைத்த பதினோரு வாக்குமூலங்கள்

எண்பதுகளில் ஓசூரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். பிள்ளை உண்டாகியிருப்பது தெரிந்தால் அங்கே பெண்களை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தப்பட்ட பதினோரு பேர் வழக்குப் போட முடிவு செய்தபோது, அவர்கள் சொல்வதை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சங்க அறையில் உட்கார்ந்து எழுதினேன். பாதிப் பேர் தெலுங்கு, சிலர் கன்னடம். தமிழில் எழுதி, அவரவர் பேச்சில் திரும்பச் சொல்லிக் காட்டித்தான் கைநாட்டு வாங்குவேன்.

கெலமங்கலத்திலிருந்து ஏழு மாத வயிற்றோடு வந்த ஒரு பெண் பாதியில் என்னை நிறுத்தினாள்.

"மேனேஜர் முன்னாடி அழுதேன்னு எழுதாதீங்கக்கா. ஏன் நிறுத்தறீங்கன்னு கேட்டேன். அதை எழுதுங்க."

அந்த வரியை அடித்துவிட்டு அவள் சொன்னபடியே எழுதினேன்.

விசாரணைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போய்ப் பார்த்தால் சங்க அறை அலமாரி காலி. வெள்ளையடிக்க வந்தவர்கள் பழைய நோட்டீஸ்களோடு எங்கள் வாக்குமூலக் கட்டையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நகல் எடுத்து வைக்காதது என் தப்பு. எடைக்கு வாங்கிய ஓசூர் கடைக்காரர், சரக்கெல்லாம் குருபரப்பள்ளியில் பழைய பேப்பர் வாங்கும் பாய் ஒருவருக்குப் போய்விட்டது என்றார். லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அந்தப் பெண்கள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று வழியெல்லாம் அதே நினைப்பு.

பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து உள்ளே போனார். மழைச் சாரல் படாத பலகை மேல் எங்கள் காகிதக் கட்டை வைத்திருந்தார்.

"பிரிச்சுப் பார்த்தேம்மா. எல்லாத்துலயும் கைநாட்டு. இதை யாரும் தெரிஞ்சு எடைக்குப் போட மாட்டாங்க, தேடிக்கிட்டு வருவாங்கன்னு எடுத்து வெச்சேன்."

டீ வரவழைத்துக் கொடுத்து, எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஒன்றுகூடக் குறையவில்லை.

வழக்கு மூன்று வருஷம் இழுத்தது. எட்டுப் பேர் திரும்ப வேலைக்குப் போனார்கள். கெலமங்கலத்துப் பெண்ணும் போனாள், மகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு. மற்ற மூவர் அதற்குள் ஊர் மாறியிருந்தார்கள்.

வக்கீல் திருப்பித் தந்த வாக்குமூலங்கள் வெகுநாள் என் பீரோவில் இருந்தன. தொண்ணூறுகளில், தொழிலாளர் உரிமை சம்பந்தப்பட்ட காகிதங்களைச் சேகரிக்கும் ஒரு நூலகம் பெங்களூரில் இருப்பது தெரிந்தது. பதினோரு பேரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் கேட்டுக்கொண்டு எடுத்துப் போனேன். ஒவ்வொரு தாளையும் பூப்போலப் பிரித்த அங்கிருந்த நூலகர், பதிவேட்டில் காப்பாற்றித் தந்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதப் போனார். நான் குருபரப்பள்ளி பாயின் பெயரைச் சொன்னேன்.