சாமியறைக்குள் மெயின் சுவிட்ச்

கிள்ளானில் நாங்கள் வாடகைக்கு இருந்தது ஒரு வீட்டின் பின்பாதி. முன்பாதியில் வீட்டுக்கார அக்கா குடும்பம். வீட்டை இரண்டாகத் தடுத்தபோது மெயின் சுவிட்ச் பெட்டி எந்தச் சுவரில் இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை போலும், அந்தச் சுவரை ஒட்டியே சாமியறை எழும்பிவிட்டது. எங்களுக்கும் கரண்டு அங்கிருந்துதான். பெரிய இடி இடித்தால் போதும், சுவிட்ச் தானாக விழுந்துவிடும். அக்கா உள்ளே போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு அதைத் தூக்கிவிடுவார். கிள்ளானில் இடிக்கா பஞ்சம்.

இடுப்பெலும்பு அறுவை முடிந்து அம்மா வீடு திரும்பியதும், வீட்டிலிருந்தே வேலை பார்க்க மேலாளரிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தேன். கணினி வேலைதானே, எங்கே உட்கார்ந்து செய்தால் என்ன என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் கரண்டு போய்ப் போய், கூட்டங்களின் நடுவே நான் அடிக்கடி காணாமல் போகவும் மேலாளருக்குப் பொறுமை போய்விட்டது. இன்னொரு முறை கரண்டைச் சாக்குச் சொன்னால், தினமும் ஷா ஆலம் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்றார். நான் போய்விட்டால் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? வாக்கரைப் பிடித்துக் கழிவறைக்குப் போவதற்கே அவருக்கு என் தோள் வேண்டியிருந்தது.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் அது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கண்டெய்னர் கிடங்கு. வாசலில் லோரிகளைப் பதிந்து உள்ளே விடும் சிஸ்டத்தை மாற்றும் பொறுப்பு என்னுடையது. லோரிகள் குறைவாக வரும் மதிய நேரத்தை ஒதுக்கித் தந்திருந்தார்கள். பாதியில் நின்றால் பழையதும் ஓடாது, புதியதும் ஓடாது.

சரியாகப் பாதியில்தான் இடி இறங்கியது. மின்விசிறி நின்றது. இணையத்துக்குக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டேன். மடிக்கணினியின் பேட்டரிதான் கிழடு, சார்ஜர் இல்லாமல் கொஞ்ச நேரம் தாங்கினாலே பெரிய விஷயம். அதைத் தூக்கிக்கொண்டு ஏதாவது கடைக்கு ஓடலாம் என்றால், வெளியே கொட்டுகிற மழையில் இணைப்பு அறுந்தால் கதை அத்தோடு முடிந்தது.

முன்பக்கம் ஓடினேன். அக்கா சாமியறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அன்று அவர் வீட்டுக்குத் தூரம். மகன் காவடிக்காக விரதம் இருக்கிறான், அப்பாவும் பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் போய்த் தூக்குகிறேன் என்று செருப்பைக் கழற்றியதும் அக்கா குறுக்கே வந்துவிட்டார். காலையில் அக்கா எதிரிலேயே அவர் மகன் நீட்டிய திருநீற்றை, இன்றைக்கு வேண்டாம் தம்பி என்று மறுத்து ஒதுங்கியவள் நான்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று எந்தத் தமிழ் வீட்டிலும் விளக்க வேண்டியதில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வேலை போகும் என்றேன். அம்மா கதி என்னவாகும் என்றேன். குரலையும் உயர்த்தினேன். அக்கா கண் கலங்கிவிட்டார்.

"பையன் அலகு குத்துறான்லா தங்கச்சி. அவனுக்கு ஒன்னு ஆச்சின்னா நான் யாருகிட்ட போயி கேப்பேன்?"

அவரைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம், என் கைக்கு அவ்வளவு வலு இருந்தது. வேறு யாரையாவது கூப்பிடலாம் என்றால், பக்கத்து வீடுகளின் கேட்டுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. எனக்கு அக்கா மேல் கோபம், முருகன் மேலும் கோபம்.

அப்போது வாக்கர் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. எங்கள் சண்டையைக் கேட்டு அம்மா பக்கவாட்டுச் சந்து வழியாகத் தனியாக வந்துகொண்டிருந்தார். சாரல் அடித்துச் சிமெண்டுத் தரை வழுவழுவென்று இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"நான் போறேன்," என்றார். "எனக்கு அதெல்லாம் நின்னு வருசமாச்சி."

அந்த அவசரத்திலும் அக்கா, கவிச்சி சாப்பிட்டீர்களா என்று கேட்கத் தவறவில்லை. இட்லிதான் என்றார் அம்மா. கால் கழுவிக்கொண்டு வாக்கரோடு உள்ளே போனார். வாசல்படிக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் நின்றோம்.

பெட்டி உயரத்தில் இருந்தது. அம்மா ஒரு கையை வாக்கரிலிருந்து எடுத்துச் சுவிட்சைத் தூக்கினார். அது உடனே விழுந்தது. சின்ன சுவிட்சுகளை எல்லாம் முதலில் இறக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் தடவி இறக்கினார். முழங்கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. பின்னறையில் என் கணினி, தொடரட்டுமா என்று கேட்டுக் காத்திருக்கும், ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு வரலாம். முடியவில்லை. அம்மாவை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இந்த முறை மெயினைத் தூக்கியதும் விழாமல் நின்றது. மற்றவற்றை ஒவ்வொன்றாக ஏற்றினார். சுடுதண்ணீர் ஹீட்டருக்கு உரியதை ஏற்றியதும் மறுபடி எல்லாம் விழுந்தது. அதை மட்டும் விட்டுவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

விளக்கு எரிந்தபோது என் மடிக்கணினி அணைந்து போயிருந்தது. கிடங்கு வாசலிலிருந்து சாலை வரை லோரிகள் தேங்கின. அலுவலகத்திலிருந்த சக ஊழியர்கள் பழைய சிஸ்டத்தை மீட்டு ஓட வைத்தார்கள். மேலாளர் திட்டவில்லை. நாளையிலிருந்து அலுவலகம் என்று மட்டும் சொன்னார்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் அதைச் சொன்னேன். உன்னை யார் பிடித்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"இப்ப நீ வாசல்ல நின்னப்ப என்னைய யாரு புடிச்சா?"

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. மறுநாள் காலை அவர் எனக்கு முன்பே எழுந்து, வாக்கரோடு கதவு வரை வந்து, போய் வா என்றார். ஷா ஆலம் போய்ச் சேரும் வரை என் தோள் இல்லாமலே நிற்கத் தெரிந்துவிட்ட அம்மா மேல் எனக்கு வந்த கோபம் தணியவே இல்லை.